சி.ஐ.டி. சீமைச்சாமியின் நான்காம் படம்

அலோர் காஜா,
20.11.1996

அன்பு மகள் மோகனாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முதுகு மட்டும் சுகமில்லை, அது எப்படி ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. அங்கே கடல் தாண்டித் தாவாவில் நீ நல்லபடியாக இருக்க மாரியாத்தா துணை இருக்கட்டும். போன கடிதத்தில் காய்ச்சல் வந்து போனது என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய், என்ன காய்ச்சல், யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள் என்று ஒன்றும் இல்லை, உன் பள்ளிப் பிள்ளைகள் இப்படிக் கட்டுரை எழுதினால் நீ மார்க் போடுவாயா? தீபாவளிக்கு நீ வராததால் அச்சு முறுக்கு பாதி அப்படியே டின்னில் கிடந்தது. பரீட்சை வேலை என்று உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், சரி, அரசாங்க உத்தியோகம் என்றால் அப்படித்தான்.

பாக்கியசாமி கிராணியை உனக்கு நினைவிருக்கும், நம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதினவர். நாடு திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு சின்ன கேமராவை வாங்கி, உன் அப்பாவையும் அவருடைய கூட்டாளி முனுசாமி மாமாவையும் வைத்து சி.ஐ.டி. சீமைச்சாமி என்று மூன்று படம் எடுத்தாரே, அவர்தான். அந்தக் காலத்து துப்பறியும் படங்களைக் கிண்டல் செய்து எடுத்தது. அப்பா மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஒவ்வொரு ரப்பர் மரமாக முட்டிக்கொண்டு போவார். முனுசாமி மாமா என் சேலையைக் கட்டிக்கொண்டு, மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து மீசையோடே கதாநாயகியாக வருவார். கேமராவில் சத்தம் பதியாது, அதனால் திடலில் வெள்ளைத் துணி கட்டி ஓட்டும்போது இரண்டு பேரும் பக்கத்தில் மைக் பிடித்துப் பேசுவார்கள். அந்த கிராணியின் மகன் ஜோஷுவா இப்போது புக்கிட் பெருவாங்கில் கல்யாண வீடியோ எடுக்கிறான். அவன் செப்டம்பரில் ஒருநாள் வந்து, ஆன்ட்டி, நாலாவது பார்ட் எடுக்கப் போறேன், இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் புரியிற மாதிரி, அங்கிள்தான் ஹீரோ என்றான். உன் அப்பாவுக்கு முகத்தில் வந்த பிரகாசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட, நாம் இந்தத் தாமான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டிவிக்கு முன்னால் தூணாக உட்கார்ந்திருந்த மனுஷன், எழுந்து போய் அலமாரியில் மழைக்கோட்டைத் தேடினார்.

ஆனால் கதை என்று உட்கார்ந்ததும் சண்டை. ஜோஷுவா சொல்கிறான், அங்கிள், நீங்க கிண்டல் பண்ண அந்தப் படமெல்லாம் இப்ப யாரும் பாத்ததே இல்லை, பாக்காததைக் கிண்டல் பண்ணா எப்படி சிரிப்பாங்க லா. அப்பா சொல்கிறார், அப்ப நாங்க பண்ணதெல்லாம் வீணா. இரண்டு பேருக்கும் காப்பி ஆற்றி ஆற்றி என் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் சீமைச்சாமிக்கு ஒரு பேஜர் கொடுப்பது என்று முடிவானது. அது கிய்யா கிய்யா என்று கத்தும்போதெல்லாம் அவர் துப்பறிவதை விட்டுவிட்டுப் பொதுத் தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும், போன் காசை முழுங்கும், வரிசையில் பின்னால் நிற்கிறவனே திருடனாக இருப்பான். வில்லன், தண்ணீர் வடிகட்டி விற்கிற நேரடி விற்பனை ஆள், தேநீருக்கு அழைத்துக் கதவைப் பூட்டிவிடுவான். இதைக் கேட்டு அப்பாவே வாய்விட்டுச் சிரித்தார், அதற்கு முந்தின மாதம்தான் நம் வீட்டிலும் அப்படி ஒருவன் வந்து ராத்திரிச் சாப்பாடு வரை எழுந்திருக்கவில்லையே. எல்லாம் சரி, கதாநாயகி யார் என்றதும்தான் வந்தது வினை. ஜோஷுவா ஒரு பெண்ணை வைக்கலாம் என்றான். மீசை இல்லாத கதாநாயகியோடு நான் நடிக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மீசை யாரிடம் இருக்கிறது, அதற்கு இவர் எதற்குப் போய்ப் படுத்தார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் அப்போது உனக்கு ஐந்து வயது என்பதால் சொல்கிறேன். மூன்றாம் படத்தில் கதாநாயகி ஓடி வந்து மயங்கி விழ வேண்டும், அப்பா தாங்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் பேச்சு. இவர் என்ன செய்தார், முனுசாமி அண்ணன் சாய்கிற நேரம் சிரிப்புக்காகச் சட்டென்று தள்ளி விலகிக்கொண்டார். பின்னால் லயத்து வீட்டு வரிசையின் சிமெண்ட் சாக்கடை. முன்பல் இரண்டும் போயிற்று. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காட்சியைத்தான் ஒவ்வொரு திருவிழாவிலும் மறுபடி போடு மறுபடி போடு என்று கேட்டுப் போட்டார்கள். தோட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும், நீ ஒருத்திதான் மாமா விழுந்துட்டார் மாமா விழுந்துட்டார் என்று என் மடியில் ஏங்கி ஏங்கி அழுவாய். முனுசாமி அண்ணன் திடலுக்கு வருவதை நிறுத்தினார், பிறகு நம் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார். உன் அப்பாவும் இறங்கவில்லை, படத்திலேயே நல்ல சீன் அதுதானே என்பார். அண்ணன் மனைவி தவறியபோது இவர், அவர்கள் குடியிருந்த பத்து பெரண்டாம் ஊர் வரை போய், வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டு, உள்ளே போகாமல் பஸ் ஏறி வந்தார். அன்றைக்கு நான் நினைத்தேன், இந்த இரண்டு பேரில் ஒருவர் போன பிறகு மற்றவர் பந்தலில் நின்று புலம்புவதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது, இருக்கும்போதே பேசித் தொலையட்டும் என்று.

அதனால் நானே ஒரு டின் முறுக்கு சுட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து பத்து பெரண்டாம் போனேன். அண்ணன் இப்போது தன் மகள் வீட்டில் இருக்கிறார், நல்லாத் தடித்துவிட்டார், மீசை முழுக்க நரை. விஷயத்தைச் சொன்னதும் ஒரு முறுக்கை எடுத்துக் காப்பியில் நனைத்தார். பிறகு, நடிக்கிறேன் தங்கச்சி, ஆனா அவன்கிட்ட பேச மாட்டேன், பேச்செல்லாம் கேமரா ஓடுறப்ப மட்டும்தான் என்றார். சொன்னபடியே செய்தார் மோகனா, நம் தாமான் விளையாட்டுத் திடலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்த கூத்தை நான் எப்படி எழுதுவேன். கேமரா ஓடும்போது அத்தான் அத்தான் என்று அப்பாவின் தோளில் சாய்ந்து கொஞ்சுவார், கட் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தம்பி, அவரைக் கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நிக்கச் சொல்லு என்பார். அப்பா, அவரை என் கால மிதிக்காம ஓடச் சொல்லு என்பார். நடுவில் ஜோஷுவா தபால்காரன்.

கடைசி ஞாயிறு அந்த விழுகிற சீன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்காத ஒரு தமாஷ், அதை அப்படியே வைக்க வேண்டும், அங்கிள் தள்ளிக்கணும், கீழே மெத்தை போட்டாச்சு என்றான் ஜோஷுவா. இதற்காகவா அண்ணனை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன் என்று ஆகிவிட்டது எனக்கு. முனுசாமி அண்ணன் வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றினார், இப்போது அவருக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டின பல்தான். யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தார். ஜோஷுவா கையில் கேமரா, என் கையில் வெயிலுக்குக் குடை, வெறுங்கையோடு நின்றது உன் அப்பா ஒருத்தர்தான். அவர் உள்ளங்கையில் வைத்து, இதையாவது கீழ வுடாம புடி என்றார்.

கேமரா ஓடவில்லை, கவனித்துக்கொள். உன் அப்பா கைக்குட்டையில் பல்லைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார். ஜோஷுவா ஸ்டார்ட் என்றான், அண்ணன் ஓடி வந்து சாய்ந்தார், உன் அப்பா தள்ளிக்கொள்ளவில்லை, பிடித்துவிட்டார். மறுபடி எடுத்தான், மறுபடி பிடித்தார். அங்கிள், தள்ளிக்கங்க லா, மெத்தை இருக்கு லா என்று ஜோஷுவா கெஞ்சுகிறான், தள்ளிக்கத்தான் பாக்கிறேன் தம்பி, கை கேக்க மாட்டேங்குது என்கிறார் இவர். அடுத்த தடவை அண்ணன் இவர் கையில் கிடந்தபடியே பல்லில்லாத வாயால், மாயாண்டி, மெத்தை இருக்குடா, வுடு என்றார். இவர், வுட மாட்டேன் போடா என்றார். அண்ணனின் கனம் தாங்காமல் முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம், இரண்டு பேருமாக மெத்தையில் விழுந்தார்கள், எழுந்திருக்க முடியாமல் ஒருவர் மேல் ஒருவர் கிடந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். இப்போது தெரிந்ததா முதுகுக் கதை. தினமும் நான்தான் தைலம் தேய்க்கிறேன், பத்து பெரண்டாமிலிருந்து ஒரு ஆள் தினமும் வந்து அது சரியில்லை இது சரியில்லை என்று எனக்கே சொல்லித் தருகிறார்.

போன சனிக்கிழமை நம் தாமான் மண்டபத்தில் வாடகைக்குப் பெரிய டிவி வைத்துப் போட்டார்கள். பேஜர் கத்தும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகள் கூடவே கத்தின. விழுகிற சீனில் ஜோஷுவா எதையும் வெட்டவில்லை, பிடித்தது, மறுபடி பிடித்தது, வுட மாட்டேன் என்றது, விழுந்தது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டான். மண்டபமே அதிர்ந்தது. முனுசாமி மாமா மட்டும் டிவியைப் பார்க்காமல் திரும்பித் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். என்ன அண்ணே தேடுறீங்க என்றேன். அன்னைக்கு எனக்காக அழுத புள்ள எங்க தங்கச்சி என்றார்.

நீ வேலைக்குத் தூரமாகப் போயிருக்கிறாய் என்று சொன்னேன். மறுநாளே ஜோஷுவாவிடம் சொல்லி ஒரு வீடியோ கேசட்டில் பதிவு செய்து வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார், இதோ இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. மழைக்காலம், நனையாமல் வாங்கிக்கொள். கஞ்சி வைத்துக் குடி, குடையில்லாமல் வெளியே போகாதே, டிசம்பரில் வர டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு. மாரியாத்தா உனக்கு நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுளைத் தரட்டும், அப்பாவும் படுத்தபடியே கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்கிறார். கேசட்டைப் பார்த்ததும் பதில் போடு, ஒரே வரியில் அல்ல. மாமா உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: இந்தத் தடவை அழாம பாக்கச் சொல்லு, அப்பா புடிச்சிட்டாருன்னு சொல்லு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மா. இருசம்மாள்