பின்சீட்டில் ஆள் இருந்தால் மட்டும்

இன்று காலை ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, அதனடியில் இருக்கும் பெட்டியைக் காலி செய்தேன். மாலையில் வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆட்கள் வருகிறார்கள். ஒரு துடைக்கும் துணி, உருகி ஒட்டிப்போன மிட்டாய் ஒன்று, கோயில் நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த உன் மழைக்கோட்டு. பிரித்தேன். முதலில் பெட்ரோல் வாடையும் ரப்பர் வாடையும் வந்தன. அவற்றுக்குப் பிறகு, கொஞ்சம் தயங்கினாற்போல, நீ நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாடை. மழைக்கோட்டோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று பிறகுதான் தோன்றியது. எனக்கு அப்படித்தானே தோன்றும்.

நீ போன பிறகு இந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது என்பது திருக்கோகர்ணம் முழுக்கத் தெரிந்த செய்தி. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றதும் நீ செய்த முதல் காரியம் ஸ்கூட்டர் வாங்கியது. உன் ஊரான ஆவூரின் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தோம். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். நான் பதறி உன் கையில் கொடுத்தேன்.

"சாரு ஓட்ட மாட்டாங்க சாமி. சாரு பாரம்," என்றாய். சாமியாரே சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து என் இடம் பின்சீட்டு. மடியில் பை, ஒரு கை பின்கம்பியில். உன் தோளுக்கு மேலாக நான் பார்த்த ஊர் வேறு. கல்லூரிக்கு இத்தனை வருடம் பஸ்ஸில் போய்வந்த அதே தெருக்கள்தான், ஆனால் நீ ஒவ்வொரு முக்கிலும் யாரையாவது கூப்பிட்டுப் பேசுவாய். "மாமா, கட்டுப் பிரிச்சாச்சா?" "ஏத்தா, ஒம் மருமகளுக்கு ரத்தம் ஏறிருச்சா?" நான் பின்னால் உட்கார்ந்து, எனக்கும் அவர்களைத் தெரியும் என்பதுபோலத் தலையாட்டுவேன்.

முதல்முறை வண்டி நின்றது திருக்கோகர்ணம் கோயிலுக்கு முன்னால், வலது பக்கம் முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது. சத்தமில்லாமல், விளக்கு அணைந்தாற்போல நின்றது. எதிரே டவுன் பஸ். பிரேக் அடித்த ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, நடுரோட்டுல நின்னு வேடிக்கையா பாக்குறீங்க?"

"ஒங்க பஸ்ஸு இந்த எடத்துல நின்னப்ப நாங்கதான்யா எறங்கித் தள்ளுனோம். ஒரு நிமிசம் பொறுங்க!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. நான் பின்கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அடிக்கடி நின்றது. எப்போதும் திருப்பத்தில்தான். சர்வீஸ் சென்டரில் ஒருவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. வயசுக்குத் தகுந்த மாதிரி மெதுவா ஓட்டுங்க."

"வயசு வண்டிக்கா, எனக்கா?"

"வண்டி புதுசும்மா."

"அப்ப எனக்குங்கிறீங்க."

அவர் என்னைப் பார்த்தார், ஆண்பிள்ளை ஏதாவது சொல்வேன் என்று. நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். படித்தேன். வண்டிகளின் பாதுகாப்புக் குறை பற்றிப் பொதுமக்கள் மத்திய அரசிடம் இணையத்தில் புகார் பதியலாம் என்று கண்டுபிடித்து, விதிகளை முதல் வரியிலிருந்து உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். புகார் வந்ததும் அதிகாரிகள் முதலில் வண்டி குறிப்பிட்ட வயதுக்குள் இருக்கிறதா, சேசிஸ் எண் சரிதானா என்று பார்ப்பார்கள். பிறகு, சொல்லப்பட்ட குறை உயிருக்கு ஆபத்தானதா, வெறும் அசௌகரியமா என்று பிரிப்பார்கள். மைலேஜ் குறைவு, பெயிண்ட் உரிகிறது என்பவை அங்கே செல்லாது. அடுத்து, அதே மாடலில் வேறு யாருக்கும் அதே குறை உண்டா என்று தேடுவார்கள். பலருக்கும் இருந்தால்தான் தயாரித்தவர்களிடம் விளக்கம் கேட்பார்கள், பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உண்மை என்று தெரிந்தால் விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப அழைத்துச் சரிசெய்யச் சொல்வார்கள்.

"அப்ப ஒருத்தருக்குக் காச்சல்னா காச்சல். ஊருக்கே காச்சல்னா தண்ணியப் பாக்கணும். அதானே?" என்றாய். நான் அரைமணி நேரம் வாசித்தது அவ்வளவுதான்.

புகாரை நான் எழுதினேன். நான் வேதியியல் பாடம் நடத்தியவன். ஓர் அளவு தவறாக வந்தால் முதலில் கண்ணைச் சந்தேகி, பிறகு கையை, கடைசியில்தான் கருவியை என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அது எனக்கே சுபாவமாகிவிட்டது. ஆகவே நடந்ததை எழுதிவிட்டு, வண்டி மற்ற வகையில் மிகத் திருப்திகரமானது என்றும், இது ஓட்டுபவரின் கைப்பிழையாகவும் இருக்கக்கூடும் என்பதை நேர்மையாகக் குறிப்பிட விரும்புவதாகவும் சேர்த்தேன். பதில் சீக்கிரம் வந்தது. மனுதாரரே ஓட்டுபவரின் பிழையாக இருக்கலாம் என்று கூறுவதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது.

நீ கோபப்படுவாய் என்று பயந்தேன். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாய்.

"வாத்தியாரே, புகார் எழுதச் சொன்னா நற்சான்று எழுதிருக்கீங்க! அதுவும் கம்பெனிக்கு. பொண்டாட்டிக்கு ஒரு வரி நல்லதா எழுதக் கூடாதா?"

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "வார்டுக்கு வர்றவங்க எடுத்த எடுப்புலயே, 'சிஸ்டர் எனக்கு அல்சரு'ம்பாங்க. அல்சரா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும். எப்பத்துலேர்ந்து, எங்கிட்டு வலிக்கிது, என்ன பண்ணுனா வலிக்கிது, அத மட்டும் சொல்லுங்கம்பேன். நீங்களும் அத மட்டும் எழுதுங்க. என்ன வியாதின்னு எழுதாதீங்க."

இரண்டாவது புகாரை உன் பெயரிலேயே, நீ சொல்லச் சொல்ல எழுதினேன். என்ன வியாதி என்று அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அது பரிசீலனையில் இருக்கும்போதே நீ போனாய். வண்டியால் அல்ல. ஒரு பிற்பகல் தூக்கத்தில், நெஞ்சு நின்றுபோனது. உன் இறுதி ஊர்வலம் ஆவூருக்குப் போனபோதும் நான் வேனில் பின்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காபி குடித்ததும் கணினியைத் திறந்து புகாரின் நிலையைப் பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். மாறாமல் இருப்பதே ஆறுதலாக இருந்தது. உன் பெயரில் உலகத்தில் ஏதோ ஒன்று இன்னும் முடியாமல் இருக்கிறது. வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நாட்கள் அவை. பால்காரர்கூட பாக்கெட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. விவரங்கள் தெளிவாக உள்ளன, ஆனால் இதே மாடலில் இதே குறையுடன் வேறு புகார் எதுவும் வரவில்லை, இதே அனுபவம் உள்ளவர்களை நீங்கள் அறிந்தால் அவர்கள் தனித்தனியாகப் பதியலாம், இல்லையெனில் மேற்கொண்டு நடவடிக்கைக்கு இடமில்லை. அவ்வளவுதான். நீ இருந்திருந்தால் அன்று சாயங்காலமே சந்தைப்பேட்டையில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று போவோர் வருவோரைப் பிடித்து நிறுத்தியிருப்பாய். நான் அந்த மின்னஞ்சலைப் பலமுறை படித்தேன்.

இவ்வளவுக்கும் ஆளைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. நம் தெருக்கோடியில் குடிவந்திருக்கும் கலைச்செல்வியிடம் அதே வண்டி, அதே நிறம். வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் சிங்கப்பூரில். தினமும் காலையில் மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நம் ஜன்னலுக்கு நேரே வலதுபக்கம் திரும்புவார். சில நாள் அந்தத் திருப்பத்தில் வண்டி நிற்கும். காலால் உந்தி ஓரம் கட்டுவார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒரு கிழவன், தனியாக இருப்பவன், தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் போய் உன் வண்டியைப் பற்றிச் சொல் என்று கேட்டால் என்ன நினைப்பார்? என் ஊகமே தவறாக இருந்தால்? நாளைக்குக் கேட்கலாம் என்று காபியைக் குடிப்பேன்.

அப்படி நாளைக்கு என்று தள்ளிப்போட்ட ஒரு நாளின் மறுநாள்தான் மணல் ஏற்றிய டிராக்டர் வந்தது. டீச்சரின் வண்டி திருப்பத்தின் நடுவில் நின்றுவிட்டது. டிராக்டர்காரர் ஒடித்து நிறுத்திவிட்டார், ஆனால் பின்னாலிருந்த மகள் பயத்தில் குதித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். நான் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"அடி ஒண்ணும் இல்லீங்க சார்," என்றார் கலைச்செல்வி. "இந்த வண்டி வாங்குன நேரமே சரியில்ல. எங்க மாமியா எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாங்க, கட்டிட்டேன். அவுரு, வெளிய சொல்லாத, வெலை போகாது, சத்தமில்லாம வித்துருவோம்ங்கிறாரு."

வாங்குபவர் வீட்டிலும் ஒரு பிள்ளை பின்னால் உட்காரும் என்று நினைத்தேன். எனக்கு வாயில் வந்தது உன் கேள்விதான்.

"எப்பத்துலேர்ந்து நிக்கிது?"

"வாங்குன மூணாம் மாசத்துலேர்ந்து."

"என்ன பண்ணும்போது?"

"ரைட்ல ஒடிக்கிறப்ப. ஆனா சார், இவள எறக்கிவிட்டுட்டு ஸ்கூலுக்குத் தனியாப் போறப்ப நிக்கவே நிக்காது. இவ பின்னாடி இருந்தாத்தான். அதான் நானு, இவதான் ஆட்டுறாபோலன்னு திட்டுவேன்."

"நான் ஒண்ணும் ஆட்டல, தாத்தா," என்றாள் அந்தப் பெண், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், இத்தனை நாளும். நீ தனியாகச் சந்தைக்குப் போன நாட்களில் வண்டி நின்றதே இல்லை. அன்றைக்கு ரோட்டில் கூட்டம் குறைவு என்று நினைத்தோம். எதையும் எழுதிப் பார்க்கிற நான் அதை மட்டும் எழுதவில்லை. நாம் சேர்ந்தேதான் போனோம் என்பதால், சேர்ந்து போவது ஒரு காரணமாக இருக்கும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

டீச்சர் அன்றிரவே பதிந்தார். நான் என்ன வியாதி என்று எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் கேட்டதும், இலுப்பூரில் ஒருவர், அறந்தாங்கிப் பக்கம் ஒருவர் என்று சிலர் வந்தார்கள். எல்லோரும் தங்கள் கைப்பிழை என்றோ கெட்ட நேரம் என்றோ எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். என்னைப்போல இவ்வளவு பேரா என்று எனக்கு வியப்பு. சில வாரத்தில் அந்தப் பழைய சொல் மாறியது: 'விசாரணைக்கு ஏற்கப்பட்டது.' சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சொல்ல ஆள் தேடி அடுப்படிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

நேற்று பரிசோதனை நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இளைய பொறியாளர் நம் தெருவில் வண்டியை ஓட்டி, ஒடித்து ஒடித்துத் திருப்பினார். நிற்கவே இல்லை. அவர் முகத்தில் அந்தச் சர்வீஸ் சென்டர்க்காரரின் முகம் வரத் தொடங்கியது. வழக்கமாக இந்த இடத்தில் நான் தரையைப் பார்ப்பேன்.

"பின்சீட்டில் ஆள் இருந்தால் மட்டும்," என்றேன்.

"அப்ப நீங்களே ஏறுங்க சார்."

வீட்டுக்குள் போய் வந்து ஏறினேன். ஒரு கை தானாகப் பின்கம்பிக்குப் போயிற்று. முன்னால் வேறொரு முதுகு. கோயில்வரை போனோம். உனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, நான் மட்டும் தலையாட்டினேன். டவுன் பஸ் உன்னிடம் பேச்சு வாங்கிய அதே இடத்தில் வலது பக்கம் முழுவதும் ஒடித்தார்.

நின்றுவிட்டது. விளக்கு அணைந்தாற்போல.

"நின்னுருச்சு சார்! கரெக்டா நின்னுருச்சு!" அவர் துள்ளாத குறை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். நான் இருந்தால் நின்றது, இறங்கினால் ஓடியது. "பின்னாடி பாரம் ஏறுறப்ப ஏதோ ஒயர் இழுக்குதோ என்னமோ. நாளைக்கு ஏத்திட்டுப் போயி பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். நீங்க என்ன சார் நெனைக்கிறீங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும்," என்றேன்.

ஓட்டிய கையில் தவறில்லை. உன் கையில் ஒரு நாளும் தவறில்லை. முதல் புகாரில் நான் எழுதியதற்கு நேர்மாறாக அரசாங்கத் தாளில் அது பதிவாகும். நீ படித்திருந்தால், பொண்டாட்டிக்கு நல்லதாக ஒரு வரி வந்துவிட்டது என்றிருப்பாய். சாரு பாரம் என்று சாமியாரிடம் சொன்னதையும் விட்டுவைத்திருக்க மாட்டாய்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் நான் இறங்கவில்லை போலிருக்கிறது. பொறியாளர் திரும்பிப் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

"டெஸ்ட் ரைடுக்குப் பையி எதுக்கு சார்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். உள்ளே போனபோது ஆணியிலிருந்து எடுத்திருக்கிறேன். நம் துணிப்பை, காலியாக, நான்காக மடித்து, இரண்டு கையாலும் பிடித்தபடி.

மழைக்கோட்டை இப்போது அதில் வைத்திருக்கிறேன். வண்டி போகட்டும். இது என் மடியில் இருக்கும்.