ஒரே ஒரு கம்ப்ரசர்

ஓப்புவாமா தீவு,
மார்ச் 9

அன்புத் தம்பி டோன்யேவுக்கு,

அக்கா பெலேமா எழுதுவது. யோகோஹாமா குளிரும் நீயும் சமாதானமாகிவிட்டீர்களா? போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஆலைச் செய்தி. சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி, நீ வடிவமைத்த யூனிட்டின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. அதைச் சுழற்றும் டர்பைனில் பேரிங் போயிற்று. அந்த ஒன்றை நம்பித்தானே மொத்தக் குளிரூட்டலும் ஓடுகிறது? வாயுவைத் திரவமாக்க வழியில்லை. வாயுக் கிணறுகளைக் குறைத்தது போக, மீதி வந்ததையெல்லாம் எரிகோபுரத்தில் கொளுத்தினோம். ஒன்பது நாள்.

பழுது நீங்கியதும் மேலாளர் எஃபே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கப்பல் காத்திருக்கிறதாம். "வேகமா குளிர வைம்மா" என்றார். அந்தப் பெரிய குளிர்விப்பானை அவசரப்படுத்தினால் உள்ளே அலுமினியக் குழாய்கள் விரிசல் விடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? "குழாய் கிழிஞ்சா நீங்களா வந்து ஒட்டப் போறீங்க, சார்?" என்று கேட்டுவிட்டேன். மணிக்கு இருபத்தைந்து டிகிரிக்கு மேல் இறக்கவில்லை. குழாய் ஒன்றும் போகவில்லை. என் பதவி உயர்வுதான் போயிற்று.

மீனுக்குப் புகை போடும் இபியே, படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உன் தம்பி போட்ட அடுப்பு நல்லாத்தான் எரியுது. எங்க பானையை எங்கடி வைக்கிறது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் கரி மிதந்தது. அம்மா அதைத் துணியில் வடிகட்டிச் சமைக்கிறார்.

உன்மேல் குற்றமில்லை, தம்பி. சின்னதாக இரண்டு வைத்தால் ஒன்று நின்றாலும் பாதி ஓடும் என்று முதலில் வரைந்தவனே நீதான். எரிபொருள் நூற்றுக்கு நான்கு அதிகம், விலையும் அதிகம் என்று உன் மேலதிகாரிகள் அதை அடித்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிது, கையெழுத்துப் போட்டாய். ஆனால் அந்த நான்கு பங்கு ஒரு வருஷத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக ஒன்பது நாளில் எரிந்துபோனது. கணக்குத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். புதிய யூனிட்டின் வரைபடமும் உன் மேசைக்குத்தான் வந்திருப்பதாகக் கேள்வி. அதை முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டு.

உன்னைத் திட்டி எழுதக்கூடாது என்று அம்மா சொன்னார். "அவன் அங்க தனியா இருக்கான். அத்தனை பேர் நடுவுல புள்ள என்ன பண்ணுவான்?" என்று கேட்கும்போதே இருமல் வந்து பேச்சு நின்றது. இருமலைப் பற்றியும் எழுதக்கூடாது என்றார்.

குரல் நடுங்கினாலும் சொல்லிவிடு. கேட்காவிட்டால் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வா. என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம். உன் கைக்குக் கடவுள் துணையிருக்கட்டும். எது எப்படியானாலும் ஈஸ்டருக்கு வந்துவிடு. அடுத்த ஈஸ்டருக்கு என்று தள்ளிப்போடாதே.

உன் அக்கா,
பெலேமா