பஞ்சு அடைத்த ரேடியேட்டர்

ராஜ்கோட்,
செவ்வாய்க்கிழமை

தர்மிலுக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. நானும் உன் தங்கை கிஞ்சலும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஜெர்மனியில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், மூன்று வாரத்துக்கு முன் போனில் பேசியபோது உன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய், அதன்பிறகு எடுக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

தீபாவளிக்கு வந்தபோது பட்டறையில் நின்று, ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே நாம் அலையலையாக மடித்து வைக்கும் தகட்டைப் பார்த்து, "இவ்ளோ அகலமா மடிச்சா சூடு எப்பம்மா எறங்கும்" என்று சிரித்தாய். அலையை நெருக்கினால் அதே இடத்தில் தகடு கூடும், காற்றுப் படும் பரப்பு கூடும், எஞ்சின் சீக்கிரம் ஆறும் என்று படம் போட்டாய். அது எனக்கும் தெரியும். இது கோண்டல் பருத்தி அரவை ஆலையின் ஜெனரேட்டருக்குப் போகிறது, அங்கே காற்றில் பஞ்சு பறக்கும், இந்தச் சந்தில் போய் அடைக்கும் என்று இரண்டு தடவை சொன்னேன். "நீ தகரத்தை மடிம்மா, கணக்கை நான் பாத்துக்கறேன்" என்றாய், வேலையாட்கள் எல்லோரும் கேட்க. படித்த பிள்ளை என்று வாயை மூடிக்கொண்டேன், அது என் குற்றம்.

உன் படத்தின்படியே செய்து ஆலையில் மாட்டினோம், பதினோராம் நாள் எஞ்சின் கொதித்து நின்றது. ஜெனரேட்டர் பார்க்கிற ஜீவ்ராஜ்பாய் பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார், கொதிநீர் பீறிட்டு அடித்துவிட்டது. வலது கை, கழுத்து, பாதி முகம் வெந்துபோயிற்று. நான் ஓடிப்போய் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தேன், உன் அலைகளுக்குள் பஞ்சு மெத்தையாக இறுகிக் கிடந்தது, நகம் நுழையவில்லை. அங்கிருந்தே உனக்குப் போன் செய்தால் நீ என்ன சொன்னாய்? "சூட்டோட தெறந்தது அந்தாளு தப்பு. தினம் சுத்தம் பண்ணச் சொன்னோம்னு பழைய தேதி போட்டு ஒரு தாள் எழுதி வச்சுக்கோ." ஆள் பிழைத்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

மறுநாளே ஆலை முதலாளியிடம் போய், தப்பு எங்கள் தகட்டில் என்று சொல்லிவிட்டேன். "இனிமே யாரும்மா நமக்கு ஆர்டர் தருவாங்க" என்று கிஞ்சல் அழுதாள். ஆர்டர் தருபவர்களில் இரண்டு பேர் விலகியும் போனார்கள். உன் படத்தை வைத்துச் செய்து வேறு நான்கு ஆலைகளுக்குக் கொடுத்ததையும் நிறுத்தித் திரும்ப வாங்கிவிட்டேன். அலையை இரண்டு மடங்கு அகலமாக்கி, காற்று நேரே புகுந்து வெளியேறும்படி வைத்தேன், குறைந்த பரப்புக்கு ஒரு வரிசைக் குழாய் கூட்டினேன். கோண்டல் ஜெனரேட்டர் ஒன்பது நாளாகக் கொதிக்காமல் ஓடுகிறது. உன் கணக்குக்கு அது மட்டமான தகடாகவே இருக்கட்டும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜீவ்ராஜ்பாயின் ஒரு கண்ணைக் கட்டியிருக்கிறார்கள், பார்வை வருமா என்று இன்னும் தெரியாதாம். அந்த மனிதர் என்னிடம் சொல்கிறார், "ரசீலாபென், தர்மில்கிட்ட இதச் சொல்லாதீங்க, தூர தேசத்துல தனியா இருக்கற புள்ள, தூக்கம் வராது அவனுக்கு." சரி என்று தலையாட்டிவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொண்டேன். உன்னைப் பெற்றதற்காக நேற்றுதான் முதன்முதலாக வெட்கப்பட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுளோடு இரு. மற்ற ஆசீர்வாதமெல்லாம் நீ வந்து அவர் கட்டிலருகே நின்ற பிறகு. டிக்கெட் எடுத்த பின் போன் செய், வேறு எதற்கும் செய்யாதே.

உன் அம்மா,
ரசீலாபென்