காத்து பூந்த வண்டி

அன்பு மகள் ஜாய்ஸுக்கு அம்மா சந்திரம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், புனேயில் உன் உடம்பும் என்ஜின் கம்பெனி வேலையும் நன்றாக இருக்க ஜெபிக்கிறோம். நம் காய்கறி வண்டி மறுபடி ஓடுகிறது. பம்பைக் கழற்றவில்லை, ஓட்டல் ஆர்டரும் கையை விட்டுப் போகவில்லை. போனில் சொன்னால் சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் பருப்புப் பொடி பார்சலோடு முழுவதையும் எழுதி அனுப்புகிறேன்.

காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்த வண்டியைக் கருங்குழி மெக்கானிக் கோதண்டராமன் பார்த்துவிட்டு, டீசல் பம்பு அவுட்டுக்கா, எறக்கி அனுப்சா ஒரு வாரம் ஆவும் என்றார். ஒரு வாரம் வண்டி இல்லாமல் மகாபலிபுரம் ஓட்டலுக்கு நான் காய்கறியைத் தலையிலா சுமப்பேன். அங்கே மேனேஜர் கோபாலகிருஷ்ணன் ஏற்கெனவே கடுகடு என்று இருந்தார், வருஷ ஒப்பந்தம் பேசுகிற நேரத்தில் காய் லேட்டாக வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். பம்பத் தொடாதம்மா, டீசல்ல காத்து பூந்துகினு கீது என்று நீ சொன்னாய். புனே போயும் உன் பேச்சு மாறவில்லை என்று சந்தோஷம்தான், ஆனால் அதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நம் டிரைவர் சதாசிவத்துக்கு அது பேய்க் காத்தாகப் பட்டுவிட்டது. காத்து பூந்துச்சின்னு பாப்பாவே சொல்லிச்சிக்கா, அத்த வெரட்டாம நான் ஸ்டியரிங்க தொடமாட்டேன் என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் இரும்புத் துண்டும் கோத்து பானெட்டுக்குள் கட்டிவிட்டான். உன் அப்பா, சபைக்குப் போற வண்டில இன்னாடா இது என்று சண்டைக்குப் போனார். நான் சதாசிவத்தைத் தடுக்கவில்லை, டிரைவர் முறுக்கிக்கொண்டால் லோடை யார் எடுப்பது.

அதுவரை காலையில் ஸ்டார்ட் ஆகத்தான் அடம், கைப்பம்பை அடித்து டீசலை ஏற்றினால் எடுத்துவிடும். பழம் கட்டிய பிறகு மகாபலிபுரம் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் நின்றது. எங்கேயும் ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை, நானே குனிந்து தடவிப் பார்த்தேன். மறுபடி போன் போட்டு அதைச் சொன்னதும் நீ, அது டீசல இழுக்கற பைப்புமா, வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போவும் என்றாய். பிறகு கேட்டாயே ஒரு கேள்வி, அந்தப் பழத்த எதுல கட்னான் என்று. பில்டருக்கு வருகிற கறுப்பு டியூபில் என்று சதாசிவம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு பக்கத்துக் கடைக்கே கேட்டிருக்கும்.

நீ சொன்னபடி, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த டியூபை எடுத்துவிட்டுக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, உள்ளே ஓடுவது தெரிகிற வெள்ளை டியூபை மாட்டினார் கோதண்டராமன். வண்டியை ஓடவிட்டதும் உள்ளே சோடா மாதிரி குமிழி. பழத்தைக் கையில் தாங்கினால் குமிழி குறைகிறது, விட்டால் பொங்குகிறது. அந்தக் கறுப்பு டியூப் முனை காய்ந்து வெடித்திருந்தது, கிளிப்புக்குப் பதில் யாரோ கம்பி முறுக்கியிருந்தார்கள், பழமும் இரும்பும் சேர்ந்த கனம் அந்த வெடிப்பைத் திறந்துவிட்டது. முனையை நறுக்கிப் புதுக் கிளிப் போட்டதும் குமிழி நின்றது, மறுநாள் காலை முதல் சாவிக்கே வண்டி எடுத்தது. கோதண்டராமன், லீவுல வந்தா உன் பொண்ண நம்ம ஷெட்டுக்கு அனுப்புக்கா, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம் என்கிறார். சதாசிவம் மட்டும், பழந்தான் எடத்த காட்டிச்சி, இல்லன்னு சொல்லச் சொல்லு பாப்பாவ என்று திரிகிறான். மார்க்கெட்டில் எனக்கு இப்போது என்ன மரியாதை தெரியுமா, வண்டி இருமினால் எல்லோரும் என்னிடம் வந்து உன் நம்பர் கேட்கிறார்கள். நான் தருவதில்லை.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, காலையில் போனைச் சைலண்டில் போடாதே. ஓட்டல் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு வருஷம், அன்றைய செங்கல்பட்டு மார்க்கெட் விலைக்கு மேல் கிலோவுக்கு மூன்று ரூபாய், ஞாயிறு லோடு இல்லை. வண்டி வழியில் நின்றால் மேனேஜர் வேறு ஆளைக் கூப்பிடும் முன் எனக்கு ஒரு மணி நேரம் தர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை உன்னை நம்பித்தான் எழுதி வாங்கினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்திரம்மா பெஞ்சமின்