அக்காவின் குதிகாலும் ஒரு போத்தல் ஜெலியும்

எனக்கு முந்திப் பிறந்து, எனக்கு முந்தியே போய்விட்ட என் அக்காவுக்கு,

நேற்று உன் மகள் ரோஷினி நான் வேலை செய்யும் கடைக்கு வந்தாள். கரவனெல்ல பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வளையல், பொட்டு விற்கும் அதே பென்சிக் கடைதான். இன்னும் அதே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்தான் நிற்கிறேன். நீ போய் ஒரு வருஷமாகிறது. உன் இடத்தில் இப்போது அவள்தான் ரப்பர் பால் வெட்டுகிறாள், உன்னுடைய மரங்களையே கொடுத்திருக்கிறார்கள். வந்தவள் செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள். ஐயோ அக்கா, உன் காலேதான். வெடிப்புக்கூட அதே இடத்தில்.

"சித்தி, அம்மா வச்சிட்டுப் போன ஜெலி முடிஞ்சிருச்சு. சொரண்டிச் சொரண்டிப் பூசுனேன். புதுசா ஒண்ணு தாங்க" என்றாள்.

"ஸ்டொக் இல்லம்மா" என்றேன். என் தலைக்குப் பின்னால் தட்டு நிறைய பெற்றோலியம் ஜெலி போத்தல்கள். "அந்தா இருக்கே சித்தி?" என்றாள். "அது பழசு, விக்கிறதில்ல" என்று இன்னொரு பொய். வாய் கூசவே இல்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஜெலிக்குப் பயந்தா பொய் சொன்னேன்? இல்லை அக்கா, அவளுக்குப் பயந்துதான்.

முதல் போத்தலை ஒரு தீபாவளிக்கு நான்தான் உனக்குக் கொண்டுவந்தேன். காலை நன்றாகக் கழுவித் துடைத்து, படுக்கப் போகும்போது பூசி, சொக்ஸ் போட்டுக்கொள் என்றேன். "காலுக்குச் சொக்ஸா? என்னைய என்னா தொரசாணின்னு நெனச்சியாடி?" என்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கச் சிரித்தாய். ஆனால் பூசினாய். ஒரு மாசத்தில் வெடிப்பெல்லாம் மூடி, குதிகால் மெத்தென்று ஆனது. காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது ஒவ்வொருத்தியிடமும் காலைத் தூக்கிக் காட்டி, "ஏந்தங்கச்சி குடுத்தது" என்று பீற்றிக்கொண்டாயாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு வந்தது அந்த மழை மாசம். உனக்குச் சீனி வியாதி இருப்பது எனக்கும் தெரியும். வெடிப்பொன்று பிளந்து புண்ணாகியிருக்கிறது. நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"காலுல கொஞ்சம் வாடை அடிக்குதுடி. வலி ஒண்ணும் இல்ல. ஜெலியே பூசலாமா?"

கடையில் சனம். என் கையில் வளையல் பெட்டி. "வலி இல்லன்னா என்னாத்துக்குப் பயப்படுற? நல்லா அப்பி மூடி வையி" என்றேன்.

"அதுவும் சரிதான். மரத்துல தப்பாக் கத்தி பட்டா, தண்ணி எறங்காம மருந்து பூசி மூடுறோமே, பட்ட வளந்துருதே. அந்த மாதிரித்தானே?"

"அதேதான்" என்று சொல்லிச் சிரித்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். மரத்துக்குச் சீனி வியாதி கிடையாது என்று நம் இரண்டு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லையே! பத்து நாள் நான் சொன்னபடியே அப்பி மூடினாய்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஜெலியைத் துடைத்து எடுத்தபோது அடியில் கறுத்துப்போயிருந்தது. சீனி ஏறிய காலில் உணர்வு செத்துவிடும், வலி இல்லாததுதான் ஆபத்து என்றார். "அய் நங்கி, மெச்சர பரக்கு?" ஏன் தங்கச்சி இவ்வளவு தாமதம் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கட்டிலில் கிடந்தபடியே முந்திக்கொண்டாய். "மம தமய் காகத்தே." நானாகத்தான் பூசிக்கொண்டேன் என்று அவருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் என் கையை இறுக்கி அமுக்கினாய். ஏனக்கா அமுக்கினாய்? காலை வெட்டி எடுத்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை.

கருமாதிக்கு வந்தவர்களிடம் மச்சான் சொல்லிச் சொல்லி அழுதார். "அவ அலட்சியத்துலயே போய்ச் சேந்தா. புண்ண மறைச்சே வச்சிருந்தா." ரோஷினி, "அம்மா ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நீ மறைக்கவில்லை. என்னிடம் சொன்னாய். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். பாவி நான், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது யார் ஜெலி கேட்டாலும் சும்மா விடுவதில்லை. தோல் வறண்டிருக்கிறதா, புண்ணா, சீனி இருக்கிறதா என்று தமிழிலும் சிங்களத்திலும் குறுக்கு விசாரணைதான். வறண்ட தோலுக்கு நல்லது, புண்ணென்றால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள் என்கிறேன். மொதலாளி எரிச்சல்படுகிறார். "நீங்க சாமான் விக்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" ஊருக்கெல்லாம் சொல்கிறேன். உன் மகளுக்குச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

இன்று காலையில் அவளே போன் எடுத்தாள்.

"சித்தி, அம்மாவோட பழைய போன சார்ஜ் போட்டுப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பத்து நாளைக்கு முந்தி ஒங்ககிட்ட பேசியிருக்காங்க. காலப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"போயாவுக்கு வாறேம்மா. நேர்ல சொல்றேன்" என்றேன்.

"அப்பன்னா சொல்லியிருக்காங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று முதல் பஸ்ஸில் வருகிறேன் அக்கா. நீ மறைக்கவில்லை என்பதை முதலில் சொல்வேன், மச்சானையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்வேன். அவள் என்னை வாசலோடு அனுப்பினாலும் சரிதான். இருக்கச் சொன்னால், அவள் காலைக் கழுவி ஒவ்வொரு வெடிப்பாகப் பார்ப்பேன், சீனி சோதிக்கக் கூட்டிப் போவேன். ஜெலி அதற்குப் பிறகுதான். அன்றைக்கு அமுக்கிப் பிடித்தாயே என் கை, அதை இனி விட்டுவிடு. நான் சொல்லத்தான் போகிறேன்.

கடைசிவரை நீ காட்டிக்கொடுக்காத
உன் தங்கச்சி
சாந்தி