கடுகுக்குத் தெரிந்த தமிழ்

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

முதலாளியம்மாவின் குட்டி நாய் கடுகைத் தடைதாண்டும் போட்டிக்குப் பழக்குகிறேன் அல்லவா? இந்த ஊரில் தமிழில் பேச ஆளில்லாமல் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன். "போ" என்றால் பாயும். நேற்றுப் பயிற்சி முடிந்ததும் "போதும்டா" என்றேன். முதல் எழுத்தைக் கேட்டதுமே வேலியைத் தாண்டிச் சாலைக்கு ஓடிவிட்டது. லாரி ஒன்று கிரீச்சிட்டு நின்றது. "வா, வா" என்று கத்தினேன். சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கீறல்கூட இல்லை, நீ பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் தானே கடுகுடன் ஓடப்போவதாகச் சொல்கிறார் முதலாளியம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது; அவர் மொழியில் கடுகுக்கு ஒரு சொல்லும் தெரியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஒரு உதவி. ஃபோனில் இனிமேல் "சாப்பாடு போதுமா" என்று கேட்காதே. ஸ்பீக்கரில் கடுகுக்கும் கேட்கும். "சாப்பிட்டியா" என்று கேள், எத்தனை தடவையானாலும்.

கிளம்பிய அன்று, "போறேன்னு சொல்லாதே, வரேன்னு சொல்லு" என்று வாசலில் அதட்டினாயே. அன்று சிரித்தேன்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். வரேன்மா.