எழுபது மீட்டர் வேலி

நாக்மோர்,
மேற்கு அயர்லாந்து.
மார்ச் 4

அன்புள்ள ரோவீனாவுக்கு,

நீயும் என் பேத்தி ஓர்லாவும் பெர்த்தில் நலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்புப் பசு போன வாரம் ஈன்றது. நான் எழுதிப் பழகியவள் அல்ல, பதின்மூன்று வயதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் வாய் வேறு எங்கோ போய்விடுகிறது. தப்பு இருந்தால் தள்ளிப் படி.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நீ ஜனவரியில் கூப்பிட்டபோது, "அம்மா, கேட்ல இருக்கற அந்தக் காகிதத்தைக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்டாய். கழற்றிவிட்டேன் என்றேன். கழற்றவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

போகும்போதும் வரும்போதும் என் மகன் எழுதியதைப் படிக்கிறேன். "கோல்ம் ஹெஃபர்னன் ஆகிய நான் இந்த நிலத்தில் ஒரு மாடி வீடும், கழிவுநீர்த் தொட்டியும், சாலைக்குப் புது வாசலும் கட்ட அனுமதி கேட்கிறேன்." செப்டம்பரில் அவன் உங்கள் இருவரோடும் வந்தபோது தன் கையால் தொங்கவிட்டது. சட்டப்படி ஐந்து வாரம் தொங்கினால் போதும். காற்று இரண்டு தடவை பிய்த்துப் போட்டது. இரண்டு தடவையும் பிளாஸ்டிக் உறையை மாற்றிக் கட்டினேன். அவன் அடக்கத்துக்கு வந்த எல்லோரும் அந்த கேட்டைத் தாண்டித்தான் வந்தார்கள். ஒருவரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை.

இதற்கு மேலும் இருக்கிறது. பெர்த்திலிருந்து கொண்டுவந்து அவனைப் புதைத்த மறுநாள், அனுமதி கொடுக்கும் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. நீ மாடியில் ஓர்லாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் காட்ட மனம் வரவில்லை. இரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். ஒன்று, புது வாசலிலிருந்து கார் வெளியே வரும்போது சாலை இரு பக்கமும் எழுபது மீட்டர் தெரியுமா என்பது. இன்னொன்று, விண்ணப்பம் போட்டவர் உண்மையிலேயே இந்த ஊர்க்காரர்தானா, அதற்கு அத்தாட்சி என்ன என்பது. ஆறு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பத்தைத் தானாக வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்களாம்.

இந்த ஊர்க்காரனா என்று கேட்கிறார்கள். மேட்டுக் கல்லறையில் அவன் மேல் மண் இன்னும் காயவில்லை.

எனக்குக் கோபம் வந்தது ரோவீனா. கோபத்தில்தான் ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்த எட்டு வருஷத்தையும் படியெடுத்து வாங்கினேன். ஊர் ஹர்லிங் அணியில் அவன் விளையாடிய படத்தை வாங்கினேன், மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பாதிரியாரிடம் ஞானஸ்நானச் சான்று கேட்டேன். மூன்று வாரம் முன்னால் அவனைப் புதைத்தவர். எழுதி முத்திரை குத்திவிட்டு, பேனாவை மூடாமலே, "பிறந்த தேதி மட்டும்தானே கேக்கறாங்க நோரீன்? வேற எதுவும் கேக்கலையே?" என்றார். கேட்கவில்லை என்றேன். "அப்ப சரி" என்று மூடிவிட்டார்.

வீட்டு வரைபடம் போட்ட ஃபின்டனிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன், உனக்கு நினைவிருக்கும், காதில் கடுக்கன் போட்டவன். அவன் காகிதங்களை எடுத்து அடுக்கினான், திரும்பவும் அடுக்கினான். "விண்ணப்பதாரர்கிட்டேருந்து எனக்கு ஒரு தகவலும் இல்லீங்க மிசஸ் ஹெஃபர்னன். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதலை. அப்ப வேலை நடக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருக்கிறது, கேட்க ஒரு காகிதம் இருக்கிறது. அது இல்லாத நாளில் சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடக்கிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன்.

ஓர்லா வரைந்து அனுப்பிய பூனை அலமாரிக் கதவில் இருக்கிறது. பூனைக்கு ஏன் ஐந்து கால் என்று அவளைக் கேட்டு எழுது. கடவுள் உங்களைக் காக்கட்டும்.

கோல்மின் அம்மா,
நோரீன்


நாக்மோர்,
ஜூன் 17

அன்புள்ள ரோவீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டுவாய் என்று நினைத்தேன். நீ திட்டவில்லை. "அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள், அம்மா?" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். மூன்று நாள் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் அக்கா உங்களை பிலிப்பைன்ஸில் செபூவுக்கே வந்துவிடச் சொல்கிறாள், கிறிஸ்துமஸுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியதையும் படித்தேன். சொந்த ஊர் சொந்த ஊர்தான். நான் என்ன சொல்ல.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் பக்கத்து நிலத்து டிம்மி ஷானகன் வந்தான். முதல் தடவை கோல்ம் விண்ணப்பம் போட்டபோது எதிர்த்து எழுதியவன் இவன்தான். எழுபது மீட்டர் பார்வை வேண்டுமென்றால் இவன் வேலியைத்தான் வெட்ட வேண்டும், அது இவன் அப்பா வைத்த முள்வேலி. சந்தையில் வைத்துக் கோல்மைப் பார்த்து, "உன் காரு ரோட்டைப் பாக்கறதுக்கு எங்கப்பன் வேலி குறுக்க நிக்குதா? மெதுவா ஓட்டுடா" என்று கத்தியவன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் தலை திருப்பியதில்லை. அடக்கத்தன்று கல்லறைச் சுவருக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை.

டிராக்டரை அணைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். தொப்பியைக் கழற்றவும் இல்லை, உட்காரவும் இல்லை. "அந்த வேலிக் காகிதம் இருக்கா? எங்க கையெழுத்துப் போடணும்?" என்றான். ஃபின்டன் எழுதிவைத்திருந்த சம்மதக் கடிதத்தை எடுத்து வைத்தேன். மேலே கோல்மின் பெயர். டிம்மி விரலை வைத்துப் படித்தான். பிறகு சொன்னான், "அவன் வந்து கேட்டிருந்தா முடியாதுன்னுதான் நோரீன் சொல்லியிருப்பேன். இப்ப யார்கிட்டப் போயி முடியாதுன்னு சொல்றது?"

போட்டுக் கொடுத்தான். தேநீர் ஊற்றினேன், பாதி குடித்தான். போகும்போது, "ஆகஸ்ட் முடியற வரைக்கும் வேலியில கை வைக்கக்கூடாது, குருவி கூடு கட்டியிருக்கும், சட்டம். செப்டம்பர்ல பாக்கலாம்" என்றான். யாருக்காக வெட்டுகிறோம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே மாதம் பதில் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதத்தில் முடிவு வரும் என்றார்கள். அதற்குப் பதில், புது விவரம் நிறைய வந்திருப்பதால் கேட்டில் இன்னொரு காகிதம் தொங்கவிட வேண்டும் என்று எழுதினார்கள். ஃபின்டன் அச்சடித்துக் கொடுத்தான். பழையதற்குப் பக்கத்தில் கட்டினேன். இப்போது அவன் பெயர் இரண்டு தடவை இருக்கிறது.

பிறகு சட்டமே மாறிவிட்டது. கட்டிட அனுமதி முழுக்கவும் புதிதாக எழுதிவிட்டார்களாம். முன்னாலேயே போட்ட விண்ணப்பம் பழைய சட்டத்தில் போகுமா புதியதில் போகுமா என்று ஃபின்டன் கவுன்சிலுக்குப் போன் செய்தால் ஒருவர் பழையது என்கிறார், இன்னொருவர் காத்திருங்கள் என்கிறார், மூன்றாமவர் விடுமுறையில் இருக்கிறார். "இவங்ககிட்ட வீடு கேக்கறதுக்கு மழைகிட்ட நிக்கச் சொல்லலாம்" என்று ஃபின்டன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை என்றதும் நினைவு வருகிறது. கழிவுநீர்த் தொட்டிக்காக மண் தண்ணீரை இழுக்கிறதா என்று பார்க்கக் குழி தோண்டினோமே, அந்த நாள். நீ என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓர்லாவை இடுப்பில் வைத்து நின்றாய். கோல்ம் குழியருகே குப்புறப் படுத்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, "இறங்குது, இறங்குது" என்று கத்தினான். ஊரார் வீட்டுக்கெல்லாம் மரவேலை செய்கிறவன், ஒரு குழியில் தண்ணீர் இறங்குவதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டான். நீயும் சிரித்தாய் ரோவீனா. நான் பார்த்தேன்.

வைக்கோல் கட்டுகிற கயிற்றை எடுத்துப் போய் வரைபடத்தில் உள்ளபடி நிலத்தில் அறைகளைக் கட்டிவைத்திருக்கிறேன். ஓர்லாவின் அறையில் கிழக்கு வெயில் வருகிறது. கன்றுக்குட்டி கயிற்றைத் தாண்டி அதில் போய்ப் படுத்துக்கொள்கிறது. விரட்டுவதில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, எழுது. உன் பதிலுக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கோல்மின் அம்மா,
நோரீன்


நாக்மோர்,
அக்டோபர் 21

என் அன்பு மகள் ரோவீனாவுக்கு,

நேற்று கோல்மின் முதல் வருஷப் பூசை. நீ சொன்னபடி வெள்ளைப் பூ வைத்தேன். உன் பெயரையும் ஓர்லா பெயரையும் பாதிரியார் வாசித்தார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

செப்டம்பர் கடைசியில் கவுன்சில் ஒரு தாள் அனுப்பியது. வீடு கட்டினால் ஏழு வருஷம் நானே குடியிருப்பேன் என்று விண்ணப்பதாரர் வழக்கறிஞர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஃபின்டன் அதை மேசையில் வைத்துவிட்டு, "இதுல நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று போய்விட்டான். கோல்மின் பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை. பெயரின் முதல் வளைவு அவனுக்கு ஒரே இழுப்பில் வரும். எனக்கு இரண்டு மூன்று இழுப்பு ஆனது. மூன்றையும் அடுப்பில் போட்டேன். அப்போதுதான் எனக்கே பயம் வந்தது, நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று.

மறுநாள் இரண்டு பஸ் மாறி கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். விண்ணப்ப எண்ணைச் சொன்னேன். "விண்ணப்பதாரரே வரணும்மா. எப்ப ஆஸ்திரேலியாலேருந்து வர்றார்?" என்றாள்.

"அவன் செத்துட்டான்ம்மா. போன அக்டோபர்ல. பெர்த்ல வேலை செய்யறப்ப சாரத்திலேருந்து விழுந்துட்டான்" என்றேன். ஒரு வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை.

அவள் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மே மாசம் பதில் வந்திருக்கே."

"நான்தான் கொடுத்தேன்."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

சத்தம் போடுவாள், போலீஸைக் கூப்பிடுவாள் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்து கதவு வழியாக வெளியே வந்து, என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். ஓர் உயரமான அதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர், "நான் இதைக் கேக்காத மாதிரி இருக்க முடியாதும்மா" என்றார். இருக்க வேண்டாம், அதற்குத்தான் வந்தேன் என்றேன்.

அவர் சொன்னது இதுதான். இறந்தவர் பெயரில் முடிவு சொல்ல முடியாது. ஆனால் வாரிசு எழுதிக் கொடுத்தால் அதே விண்ணப்பத்தைத் தொடரலாம். வாரிசு நான் அல்ல. நீயும் ஓர்லாவும். நீ கையெழுத்துப் போட வேண்டும், ஏழு வருஷம் நீயே இங்கே குடியிருக்க வேண்டும். நவம்பர் முடியும் வரை கோப்பைப் பழைய சட்டத்தில் திறந்து வைத்திருப்பார். அதற்கப்புறம் என்றால் புது விண்ணப்பம், புதுச் சட்டம், நீ இந்த ஊரில் பிறந்தவள் இல்லை என்பதால் வாங்கவே மாட்டார்கள். கையெழுத்துப் போட்டாலும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். போகும்போது, "உங்க பையன் கொடுத்த வரைபடம் நல்லா இருந்தது. சமையலறையைச் சரியான பக்கம் வச்சிருக்கார்" என்றார். அதற்குத்தான் நான் பஸ்ஸில் அழுதேன், மற்றதற்கு அல்ல.

கையெழுத்துப் போடு என்று நான் எழுதவில்லை ரோவீனா. ஒரு வருஷம் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் வீட்டுக்கு அலைந்திருக்கிறேன். இங்கே பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் மூன்று பேர் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மழை எப்படி என்று உனக்கே தெரியும். செபூவில் உன் அக்கா இருக்கிறாள், உன் பாஷை இருக்கிறது. நீ அங்கே போனால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுது, போதும்.

கேட்டிலிருந்த இரண்டு காகிதத்தையும் அன்று சாயங்காலமே நானே கழற்றிவிட்டேன். பத்திரமாக இருக்கிறது. இந்தத் தடவை பொய் இல்லை. புது அறிவிப்பு ஒன்று அந்தப் பெண் கொடுத்தாள், பெயர் எழுதும் கோடு காலியாக இருக்கிறது. அலமாரியில், பூனைப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது, அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் முதல் தேதி காலையில் டிம்மி இயந்திரத்தோடு வந்துவிட்டான். அனுமதி வரட்டும் என்று சொல்ல வெளியே ஓடினேன். "வரும்போது வரட்டும் நோரீன், நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான்" என்று ஒரே நாளில் எழுபது மீட்டரையும் வெட்டிவிட்டான்.

இப்போது அந்த வாசலில் நின்றால் சாலை இரண்டு பக்கமும் நெடுந்தூரம் தெரிகிறது. காலையில் கன்றுக்குப் பால் வைத்துவிட்டு அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பாலத்தருகே ஒரு கார் திரும்பினால்கூட எனக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் எங்கே இருந்தாலும் கடவுள் உங்கள் இருவரோடும் இருக்கட்டும். ஓர்லாவுக்கு என் முத்தம்.

உன் அம்மா,
நோரீன்